கோயிலுக்கு அடுக்கிய பெட்டி

அந்தப் பெட்டியை என்னுடையதென்று நினைத்துத்தான் திறந்தேன். கறுப்பு நிறம், சக்கரம் வைத்தது, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். லண்டனில் புறப்படுவதற்கு முன் என் கணவர் கட்டிய ரிப்பன் அது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவந்தபோது அவர்தான் அதை இழுத்து இறக்கினார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி வீடொன்றைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். அங்கே வந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, குளித்தபின் மாற்றிக்கொள்ள ஓர் உடுப்பு எடுப்போம் என்று சிப்பை இழுத்தேன்.

மேலே என் ஜீன்ஸ் இருக்க வேண்டும். அதன் கீழே கணவரின் வேட்டி. அதற்கும் கீழே யாழ்ப்பாணத்தில் கணவரின் சகோதரர் வீட்டில் இருக்கும் பெறாமக்களுக்கு வாங்கிய சொக்லேட் பெட்டிகள். அவற்றில் ஒன்றும் இல்லை. வெள்ளைத் துணி முடிச்சுகள்தான் இருந்தன. பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் எதையோ வைத்து, நாலு முனையையும் சேர்த்து முடிந்திருந்தது. எல்லா முடிச்சும் ஒரே அளவு. இடைவெளி விடாமல் அடிவரைக்கும் அடுக்கியிருந்தார்கள். சந்தனமும் பூச்சி உருண்டையும் கலந்த மணம் எழுந்து அறையெல்லாம் பரவியது.

"இது எங்கட பெட்டி இல்லை," என்றேன்.

கணவர் வந்து ரிப்பனைத் தொட்டுப் பார்த்தார். "ரிப்பன் எங்கடதுதானே?"

"உள்ளுக்குப் பாருங்கோ."

அவர் பார்த்தார். பிறகு கைப்பிடியில் ஒட்டியிருந்த பாதி கிழிந்த பட்டியிலிருந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு விமான நிறுவனத்துக்குப் போன் எடுத்தார். நெடுநேரம் இங்கிலிஷிலும் இடையிடையே தெரிந்த கொஞ்சச் சிங்களத்திலும் கதைத்தார்.

"மற்ற ஆள் இன்னும் ஒண்டும் அறிவிக்கேல்லையாம். அவையிட்ட இருக்கிற நம்பர் கனடா நம்பராம். அது ஓஃப் பண்ணிக் கிடக்குதாம்."

"தன்ர பெட்டி மாறினது தெரியாமல் ஆரும் இருப்பினமோ?"

"களைப்பிலை திறந்திருக்க மாட்டினம். நாளைக்கு எப்பிடியும் சொல்லுவினம்."

நாளைக்கு என்பதுதான் எனக்குச் சிக்கல். மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் கொட்டாஞ்சேனை அம்மன் கோயிலில் எனக்கென்று அபிஷேகம் ஒழுங்கு செய்திருந்தது. செய்தது லண்டனில் இருக்கும் என் அம்மா. கலியாணம் முடித்த புதிதில் அவர் கொட்டாஞ்சேனையில்தான் குடியிருந்தார். அந்த அம்மனிடம் கேட்டால் கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. போன வருடம் எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, இடது மார்பையும் கக்கத்துக்குள் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். நான் எழுந்து நடமாடினால் சீலையுடுத்தி அந்த அம்மன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று அம்மா நேர்ந்து வைத்திருந்தார். அவருக்கு முழங்கால் முடியாது. அதனால் நான்தான் போய் நிற்க வேண்டும்.

புறப்படும் நாள் வரைக்கும் போனில் அதே கதைதான். "கறுப்பு உடுக்காதை பிள்ளை. ஜீன்ஸோட போய் நிண்டு என்ர மானத்தை வாங்காதை. சாறிதான் உடுக்கவேணும். செருப்பு நல்லதாப் போடாதை, துலைஞ்சு போகும்."

கோயிலுக்கென்று பெட்டி அடுக்க எனக்கு ஒருநாளும் சரிவந்ததில்லை. சேலை வைத்தால் உள்பாவாடையை மறந்துவிடுவேன். பாவாடை வைத்தால் அதற்கு நாடா இருக்காது. இந்த முறை எல்லாவற்றையும் சரியாக வைத்திருந்தேன், அதுவும் ஒரு கிழமைக்கு முன்பே. அந்தப் பெட்டி இப்போது கொழும்பில் யாருடைய வீட்டிலோ கிடந்தது.

"காலி வீதி முழுக்கச் சாறிக் கடைதானே, புதுசா ஒண்டு வாங்குவம்," என்றார் கணவர்.

சேலை வாங்கலாம். அதற்கு அளவான சட்டைதான் பிரச்சினை. கணுக்களை எடுத்த பிறகு என் இடது கை வீங்கத் தொடங்கியிருந்தது. விமானத்தில் நெடுநேரம் இருந்தால் இன்னும் கூடும். அன்றைக்கு அது தோளிலிருந்து முழங்கைவரை வலது கையின் ஒன்றரை மடங்கு இருந்தது. கடையில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. ஒவ்வொரு அளவாக எடுத்துத் தந்தாள். எல்லாச் சட்டையும் முழங்கையோடு நின்றன. பெரிய அளவு எடுத்தால் தோள் சரிந்து விழுந்தது, கை மட்டும் அப்போதும் இறுக்கியது. சுடிதாரும் அப்படித்தான்.

"அக்கா, கையைக் கொஞ்சம் தளர்வா விடுங்கோ," என்று இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் என் கையைக் கவனித்தாள் போல. அவளுடைய விரல்கள் நின்றன. "தச்சுத் தரலாம் அக்கா. ஆனா நாளைக்குக் காலமை ஏலாது."

வெறுங்கையோடு திரும்பினோம். கணவர் இடியப்பம் வாங்கிவருகிறேன் என்று வழியில் நின்றுகொண்டார். நான் தனியாக லிஃப்டில் ஏறி வீட்டுக்குள் போனேன். கடல் பக்க யன்னல் திறந்திருந்தது. கீழே தண்டவாளத்தில் பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் இரைந்துகொண்டு போனது. பெட்டி நான் விட்டுப்போன மாதிரியே கட்டிலுக்கு அருகில் திறந்து கிடந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முடிச்சை அவிழ்த்தேன்.

மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட பருத்திச் சேலை. மடிப்புக்குள்ளே உள்பாவாடை, நாடா கோத்தபடி. சட்டையின் கழுத்தோரத்தில் சேப்டி பின்களை வரிசையாகக் குத்தி வைத்திருந்தது. ஒரு கைக்குட்டை. பொட்டு அட்டையொன்று, அதில் சிலது எடுத்த இடம் வெறுமையாக இருந்தது. சிறு பொட்டலத்தில் கற்பூரம். ஊர்விட்டு ஊர் போய்க் கோயில் வாசலில் நிற்கும்போது எதெதெல்லாம் இல்லாமல் அந்தரிப்போமோ, அதெல்லாம் அந்த ஒரு முடிச்சுக்குள் இருந்தது. இப்படி அடுக்கியவளை ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று கூட நினைத்தேன்.

பிறகு சட்டையை விரித்தேன்.

வலது கை ஒடுக்கமாக இருந்தது. இடது கை அகலம். தையலைப் பிரித்து, அதே துணியில் நீளமாக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, கையாலேயே நுணுக்கமாகத் தைத்திருந்தது. உள்பக்கத்தைப் புரட்டினேன். இடது மார்புப் பக்கம் மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு பை தைத்திருந்தது. அது எதற்கென்று எனக்குத் தெரியும். மார்பு இல்லாத இடத்தில் வைக்கும் பஞ்சுத் திண்டைச் செருக. என் சட்டைகளிலும் அதே இடத்தில் அதே மாதிரிப் பை இருக்கிறது.

கட்டிலில் உட்கார்ந்தேன். கதவைப் பூட்டினேனா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சட்டை அப்படியே கிடந்தது. அதைப் போட்டுப் பார்க்காமல் அந்த அறையில் இருக்க முடியாது என்று தோன்றியது. போட்டேன். இடது கை தடையில்லாமல் உள்ளே போனது. என்னுடைய திண்டைப் பைக்குள் வைத்தேன், சரியாகப் பொருந்தியது. கொக்கிகள் மாட்டுப்பட்டன. தோளிலும் முதுகிலும் எங்கேயும் சுருக்கம் இல்லை. என் உடம்பை அளந்து பார்க்காத ஒருவரால் தைக்க முடியாத சட்டை அது. சேலையை உடுத்தினேன். கொசுவம் பழைய மடிப்புத் தடங்களிலேயே போய் விழுந்தது. கரை என் குதிக்காலில் நின்றது. யாரோ உடுத்திக் களைந்த உயரமும் என்னுடைய உயரம்தான்.

கணவர் இடியப்பப் பொதியோடு உள்ளே வந்து, என்னைப் பார்த்து நின்றார்.

"ஆற்றையோ உடுப்பை ஏன் எடுத்து உடுத்தனீர்?"

நான் இடது கையை நீட்டிக் காட்டினேன். அவர் கிட்ட வந்து தையலைப் பார்த்தார். விரலால் தொடவில்லை.

"கழட்டும்," என்றார்.

"கழட்டிப்போட்டு நாளைக்கு என்னத்தை உடுக்கிறது?"

"நாளைக்குப் போகாமல் விடுவம்."

"அதை அம்மாவுக்கு நீங்கள் சொல்லுறீங்களோ?"

அவர் போய் இடியப்பத்தை மேசையில் வைத்தார். படுக்கப் போகுமுன் அவர் பெட்டியை மூடி, வெளி அறைக்கு உருட்டிக்கொண்டுபோய் விட்டார்.

காலையில் நான் தனியாகத்தான் போனேன். அவருடைய வேட்டியும் மாறிப்போன பெட்டியில் இருந்தது. விமான நிறுவனம் அழைத்தால் எடுக்கவும் ஆள் வேண்டும். ஓட்டோக்காரர் கண்ணாடியில் சேலையைப் பார்த்துவிட்டு, "கோவிலடத நோனா?" என்று சிங்களத்தில் கேட்டார். கோயிலுக்குத்தான் என்று தலையாட்டினேன். கோட்டையைத் தாண்டி, புறக்கோட்டையின் சந்தடிக்குள் நுழைந்து, மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் தள்ளிய வண்டிகளுக்கு நடுவே நெளிந்து, கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் ஏறினோம். காற்றில் தலைப்பு என் முகத்தில் அடிக்கும்போதெல்லாம் அந்தச் சந்தன மணம் வந்தது. எனக்குச் சந்தனம் பிடிக்கும். ஆனால் அது என்னுடைய மணமில்லை என்பது மூக்குக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது.

வாசலில் செருப்புப் பார்க்கும் பெண்ணிடம் செருப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். சொல்லும்போது என் பெயரை இரண்டு தரம் சொன்னேன். முதல் தரம் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. பாலும் இளநீரும் ஊற்றினார்கள். மணி அடித்தது. அம்மா சொல்லச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நான் வந்திட்டன், என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன்.

அப்போதுதான் முதுகில் அது தெரிந்தது. கூட்டத்தில் ஆட்கள் முட்டுவார்கள், உரசுவார்கள். இது அப்படியில்லை. என் பின்னால் ஓர் இடம் வெறுமையாகிவிட்டது மாதிரி இருந்தது. திரும்பினேன்.

தூணோரத்தில் ஒரு பெண் நின்றார். அறுபதை நெருங்கும் வயது, கசங்கிய மண்ணிறச் சுடிதார். ஷோலின் முனையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார், பிறகு இடது கையை, பிறகு சேலைக் கரையை. நான் திரும்பியதும்தான் கண் மேலே வந்தது. என் முகத்தைக் கண்டவுடன் அவருடைய முகத்தில் வந்தது பயமா, ஏமாற்றமா என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. முதுகு காட்டாமலே பின்னுக்குப் பின்னுக்குப் போனார். ஆட்களுக்கு இடையில் மறைந்துவிட்டார்.

தீபம் பார்த்துவிட்டு, பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். செருப்புக்காரப் பெண் என் செருப்பை எடுத்து வைத்தாள். பக்கத்திலேயே இன்னொரு சோடியையும் வைத்தாள்.

"இது என்ர இல்லை," என்றேன்.

"தெரியும்மா. கூட வந்த அக்காவோட செருப்பு. விட்டுட்டு வெறுங்காலோட ஓடிட்டாங்க. நீங்க கொண்டு போங்க."

"நான் தனியத்தான் வந்தனான்."

"இல்லம்மா. நீங்க உள்ள போனதுலேருந்து அவங்க இந்தக் கதவடியில நின்னு உங்களையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பறமாத்தான் உள்ள போனாங்க." என் கையிலே திணிக்காத குறையாக நீட்டினாள். "அக்கா தங்கச்சிதானே நீங்க?"

அந்தச் செருப்பு நல்ல விலையான செருப்பு. தோல் பழுப்பு நிறம். உள்பக்கம் கால்விரல்களின் அடையாளம் பதிந்திருந்தது. நான் வாங்காமல் நடந்தேன். தெருவுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். வெயிலில் தார் மின்னியது. அந்தத் தாரில் வெறுங்காலோடு ஒருவர் ஓடியிருக்க முடியுமென்று நம்புவது கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சேலையையும் சட்டையையும் தோய்த்தேன். ஒருதரம் போதவில்லை. மறுபடியும் சவர்க்காரம் போட்டு அலசி, கடல் பக்க பல்கனியில் காயப்போட்டேன். கோயிலில் நடந்ததைக் கணவருக்குச் சொன்னபோது, "விசர்ப் பெண்ணாயிருக்கும்," என்றார். ஆனால் அதன்பிறகு பல்கனிப் பக்கம் அவர் போகவேயில்லை. அன்று பின்நேரமெல்லாம் நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்தச் சட்டை தெரிந்தது. காற்று நிறைந்து இடது கை மட்டும் பருத்து நின்றது.

மறுநாள் காலையில் விமான நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. மற்றப் பெட்டிக்காரர் தொடர்புகொண்டு விட்டாராம். எங்கள் முகவரியைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு கதவு மணி அடித்தது. கணவர்தான் திறந்தார்.

எங்கள் பெட்டியைப் பிடித்தபடி நின்றது கோயிலில் பார்த்த அந்தப் பெண். அதே சுடிதார். ஒரு காலின் பெருவிரலில் பிளாஸ்டர். புதிதாக வாங்கிய ரப்பர் செருப்பு. என்னைக் கண்டதும் அவருடைய கை பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது.

"நீங்களோ," என்றார்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் பல்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலை அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

"தோய்ச்சுப் போட்டனீங்களோ?"

"ஓம் அக்கா. கேக்காமல் எடுத்து உடுத்ததுக்கு மன்னியுங்கோ. எனக்கு வேற சட்டை அளவா இருக்கேல்லை." என் கையைக் காட்டினேன்.

அவர் கையைப் பார்த்தார். தலையை மெதுவாக ஆட்டினார். "உங்கட பெட்டிக்குள்ள அந்த இறுக்கிற உறை இருந்தது. வீங்கின கைக்குப் போடுறது. அதாலதான் எனக்குப் பிசகினது."

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். அவருக்கு ஒரு தங்கை. இருவரும் ரொறன்ரோவில் ஒரே வீட்டில் இருந்தார்கள். சின்ன வயதில் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்கள். தங்கைக்கும் இடது பக்கம்தான் எடுத்தார்கள். எல்லாம் சுகம் என்று டொக்டர் சொன்ன அன்றைக்கே, ஊர்க் கோயில்களுக்கு நேர்ந்ததைச் செய்ய வேண்டுமென்று பெட்டி அடுக்கத் தொடங்கினாராம். கோயிலுக்கு ஒரு முடிச்சு. முதலில் கொட்டாஞ்சேனை, பிறகு எதெது என்று ஒழுங்கையும் அக்காவுக்குச் சொல்லியிருந்தாராம்.

"அடுக்கி மூடி, படிக்கட்டுக்குக் கீழ வைச்சவ. டிக்கெட் போடப் பாத்துக்கொண்டிருக்கேக்கை புற்றுநோய் திரும்ப வந்திட்டுது. பிறகு கனகாலம் இருக்கேல்லை." குரல் மாறாமல் சொன்னார். "நான் பெட்டியைத் திறக்கேல்லை. அவ மூடினபடியே இங்க கொண்டுவந்து, அவ வைச்ச ஒழுங்கிலை ஒவ்வொரு கோயிலிலையும் சாறியைக் குடுப்பம் எண்டு நினைச்சன். இங்க வந்துதான் திறந்தனான்."

"எங்கட பெட்டியை," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதே. அவ அடுக்கின பெட்டி எண்டுதானே திறந்தனான். உள்ளுக்கு ஜீன்ஸ் கிடக்குது. ஒரேயொரு சாறி கிடக்குது. சொக்லேட் கிடக்குது. ஒரு ஆம்பிளையின்ர வேட்டி கிடக்குது. கைக்குப் போடுற உறையும் கிடக்குது. அப்ப அவவின்ர பெட்டி இல்லையெண்டு நான் எப்பிடி நினைக்கிறது? முடிச்சுகளை எடுத்துப்போட்டுத் திரும்ப அடுக்கியிருக்கிறா எண்டுதான் நினைச்சன். ஆற்ற வேட்டி எண்டு இரவு முழுக்க யோசிச்சன். எனக்குச் சொல்லாமல் ஆரோடையும் பழகியிருக்கிறாவோ? சொக்லேட் எந்தப் பிள்ளைகளுக்கு? என்ர தங்கச்சியை எனக்கே தெரியாமல் போச்சுதே எண்டு அழுதன்."

கணவர் எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்காவது போவம் எண்டு, போட்டிருந்த உடுப்போட போனன். வாசல்லை செருப்பைக் கழட்டேக்கை அந்த மஞ்சள் சாறி உள்ளுக்குப் போகுது. அந்தச் சட்டைக்கு நான்தான் துண்டு குடுத்துத் தச்சனான். என்ர தையலை நான் மறப்பனே?" முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்கள் திரும்பாமல் இருந்திருக்கலாம்."

அவருக்கு அதில் என்மேல் கோபமில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான்.

எனக்குள் இன்னொரு கேள்வி கிடந்து குத்தியது. கேட்கக் கூடாதென்று தெரிந்தும் கேட்டேன். "அக்கா, சுகம் எண்டு சொல்லி எவ்வளவு காலத்தாலை அவவுக்குத் திரும்ப வந்தது?"

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவர் தண்ணீர்க் கிளாசைக் கையில் எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதை உங்களுக்குச் சொல்ல மாட்டன்," என்றார். "அது அவவின்ர. உங்கட இல்லை."

போகும் நேரம் வந்ததும் அவர் எழும்பவில்லை. எதையோ கேட்க வந்து கேட்க முடியாமல் இருந்தார். "தங்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இரண்டாவது முடிச்சு இங்க, வெள்ளவத்தைக் கோயிலுக்கு. அதை நாளைக்கு நீங்கள் உடுத்துக்கொண்டு என்னோட வருவீங்களோ? கொஞ்ச நேரம் எனக்கு முன்னாலை நடந்தாப் போதும்."

கணவர் குசினி வாசலில் வந்து நின்றார். "அவவுக்கு ஏலாது," என்றார். "நாங்கள் யாழ்ப்பாணம் போகவேணும்."

"ரயில் பின்னேரம்தானே," என்றேன் நான்.

இரண்டாவது முடிச்சை என்னிடம் விட்டுவிட்டு அக்கா போன பிறகு கணவர் என்னோடு சண்டை பிடித்தார். செத்துப்போன ஆளின் உடுப்பு, அதுவும் இதே புற்றுநோய் வருத்தத்தில் செத்த ஆள், உமக்கென்ன விசரோ என்று கேட்டார். அவர் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சேலையைக் கொட்டாஞ்சேனையில் நான் உடுத்தியாயிற்று. இனிப் பயப்பட்டு என்ன செய்வது? அதோடு, அந்த அக்கா பல்கனியைப் பார்த்தபடி இருந்த இருப்பை நான் பார்த்துவிட்டேன். அதையும் கணவருக்குச் சொன்னேன். "உங்களுக்கு விளங்காது," என்று முடித்தேன். அவருக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். காலையில் என் சேலைத் தலைப்பில் பின் குத்திவிட்டது அவர்தான்.

இரண்டாவது சேலை நீலம். அக்கா எங்கள் தொடர்மாடி வாசலில் காத்து நின்றார். நான் வெளியே வந்ததும் கிட்ட வரவில்லை. கையால் போங்கோ என்று காட்டினார். நான் முன்னால் நடந்தேன். ஒழுங்கை ஏற்றத்தில், காலி வீதிப் பஸ் சத்தம் கேட்கும்வரை, பின்னால் ரப்பர் செருப்பு அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமானது. நான் நின்றால் அதுவும் நின்றது. ஒரு கட்டத்தில் பின்னால் வருவது ஒருவர்தானா என்று கூடச் சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று அவருக்கு நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் திரும்பினால் அங்கே என் முகம் இருக்கும். அதை அவர் இன்னொரு தரம் காணக் கூடாது.

கோயிலின் உள்வீதியைச் சுற்றினேன். கல் குளிர்ந்து இருந்தது. செருப்பில்லாத காலடிக்குச் சத்தமில்லை, அதனால் அவர் வருகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. என் தோள்கள் வழக்கத்தைவிட நிமிர்ந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். இடது கையை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு நடப்பது என் பழக்கம். அன்றைக்கு அது வீசி நடந்தது. நான் அப்படி நடக்க நினைக்கவேயில்லை. யார் நடை அது என்று யோசித்தேன். என்றாலும் நிறுத்தவில்லை. சுற்றி முடியும்வரை அப்படியே நடந்தேன்.

கொடிமரத்தடிக்கு வந்தபோது பின்னால் ஒருவருமில்லை என்று தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்ததென்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பினேன். வந்த வழியே தேடிக்கொண்டு போனேன். மேற்குப் பக்க மதிலோரத்தில், தூண் நிழலில், அக்கா காலை மடித்து உட்கார்ந்திருந்தார். தலை தூணில் சாய்ந்திருந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். மூச்சு வருகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். வந்தது. வாய் சற்றுத் திறந்திருக்க, குழந்தை மாதிரி நித்திரை கொண்டிருந்தார். கொழும்புக்கு வந்ததிலிருந்து அவர் கண்ணை மூடியிருக்க மாட்டார் என்று அந்த முகத்தில் தெரிந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. சேலையைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பூசை முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டு வந்த பெண் எங்கள் முன்னால் நின்று, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கட அக்காவை எழுப்புங்கோவன், பொங்கல் சூடா இருக்கு."

"படுக்கட்டும்," என்றேன். "அவவின்ரையையும் என்னட்டைத் தாங்கோ. எழும்பினாப் பிறகு குடுக்கிறன்."

இரண்டு வாழையிலைத் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, கோயில் நடை சாத்தும்வரை அங்கேயே இருந்தேன்.